கட்டைவிரலின் எடை

என் வலது கால் கட்டைவிரலின் எடை ஆறு ராத்தல். இதை எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆவடியில் படைக்கு ஆளெடுத்த முகாமின் தராசு சொன்னது. அந்தத் தராசில் நான் ஏறவேயில்லை என்பதுதான் இதில் வெட்கப்பட வேண்டிய பகுதி. ஏறியவன், கல்லூரியில் எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த நண்பன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. போன மாதம் காட்டுப்பாக்கத்தில் ஒரு டாக்டர், நாற்பதை நெருங்கும் என் உடம்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு எடை பார்க்கச் சொன்னார். ஏறி நின்றதும் நான் குனிந்து, பத்து விரலும் எனக்குச் சொந்தமானவைதானா என்று எண்ணத் தொடங்கினேன். "என்ன சார் தேடறீங்க?" என்றார் டாக்டர். விளக்கினால் வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, "ஒண்ணுமில்லை" என்றேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரி பூந்தமல்லிக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய பொட்டலில் புதிதாக முளைத்திருந்தது. சுவர்களில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. நூலகத்தில் இருந்த புத்தகங்களைவிட அலமாரிகள் அதிகம். உடற்பயிற்சிக்கென்று ஒரு டைரக்டரை நியமித்திருந்தார்கள். கஞ்சி போட்டு விறைத்த காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சுக்காக முழுக்கால் சட்டை. பி.டி. சார் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வோம். காலை வழிபாட்டின்போது மாணவர்கள் மயங்கி விழுவதை மற்ற ஆசிரியர்கள் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்து, "காலைல என்னடா சாப்பிட்டே?" என்று கேட்பார். பெரும்பாலும் பதில் வராது. வந்தால், "நேத்து ராத்திரி சாப்பிட்டேன் சார்" என்று வரும்.

இப்படி நாலைந்து பேரைத் தூக்கிய பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கடை கடையாக ஏறி இறங்கினார். கோழிப்பண்ணைக்காரர் ஒருவரும் மாட்டுத்தொழுவக்காரர் ஒருவரும் அவருடைய தொந்தரவு தாங்காமல் முட்டையும் பாலும் இலவசமாகத் தரச் சம்மதித்தார்கள். தினமும் காலையில் ஏரிக்கரையில் ஓட்டம்; ஓடி முடித்ததும் எல்லோருக்கும் ஊறவைத்த பச்சைப்பயறு. நூற்றுப்பத்து ராத்தலுக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தம்ளர் பாலும் அவித்த முட்டை ஒன்றும். இதற்கு உடல்நல மன்றம் என்று பெயர். அதன் மாணவச் செயலாளர் நான்.

என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது இன்றுவரை விளங்காத புதிர். நான் அப்போதே நூற்றைம்பது ராத்தலைத் தாண்டியவன். ஆனால் உடற்பயிற்சி பற்றி நூலகத்தில் இருந்த ஒன்பது புத்தகங்களையும் படித்தவன் நான் ஒருவன்தான். ஓடியவர்கள் யாரும் படிக்கவில்லை; படித்தவன் ஓடவில்லை. மன்றத்துக்கான வாசகங்களை அட்டையில் எழுதி மாட்டினேன். கூட்டங்களில் பேசினேன். எண்ணெய்ப் பண்டத்தின் தீமை குறித்து நான் பேசிய பேச்சைப் பலர் பாராட்டினார்கள். காலை ஓட்டத்தின்போது நான் ஏரிக்கரை முனையில் உள்ள டீக்கடையில் நின்று, மசால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடுகிறவர்களின் தலையை எண்ணுவேன். செயலாளரின் வேலை மேற்பார்வை என்பது என் கருத்து.

மாதத்தின் முதல் சனிக்கிழமை எடை பார்க்கும் நாள். அதற்காகப் பூந்தமல்லி வெல்ல மண்டியிலிருந்து மூட்டை நிறுக்கும் எடைமேடையைக் கைவண்டியில் கொண்டுவந்து கூடத்தில் வைப்பார்கள். நாட்டில் கிலோ வந்துவிட்டது. மண்டிக்காரரின் மேடைக்கு அந்தச் செய்தி வரவில்லை, அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பழைய ராத்தலிலேயே இருந்தது. மேடையில் ஒருவன் ஏறி நிற்க, பக்கத்திலுள்ள தூணின் உச்சியில் இரும்புக் கம்பியில் குண்டை நகர்த்தி எடை பார்ப்பது என் வேலை. பி.டி. சார் எதிரே நின்று கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஆள் பொய் சொல்லலாம், தராசு சொல்லாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அதை நம்பினார்.

என் பக்கத்து இருக்கைக்காரன் திருமழிசையிலிருந்து ஓட்டைச் சைக்கிளில் வருவான். அவனுடைய அப்பா அங்கே பிறர் வயலில் கூலிக்குப் போகிறவர். அம்மா இல்லை. எட்டு வயதில் ஒரு தங்கை. சிறு வயதில் அவனும் அப்பாவோடு வயலுக்குப் போனதால் பள்ளிக்கூடத்தில் தாமதமாகச் சேர்ந்தான். எங்களைவிட மூன்று வயது மூத்தவன். படையில் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் ஆசை. அடுத்த ஆளெடுப்பு ஏப்ரலில். அதை விட்டால் வயது கடந்துவிடும். அங்கேயும் நூற்றுப்பத்து ராத்தல்தான் வரம்பு. முதல் எடை நாளில் அவன் மேடையில் நின்றபோது கம்பி நூற்றுமூன்று காட்டியது. "ஏழு ராத்தலு மாமே. ஒரு வெல்ல உருண்டை எத்தினி ராத்தல் இருக்கும்?" என்று என்னைக் கேட்டான். விழுங்கிவிட்டு ஏறலாம் என்று அவன் யோசித்திருக்கலாம். அவனும் அவனைப்போல் இருபது பேரும் பால், முட்டைப் பட்டியலில் சேர்ந்தார்கள்.

இந்த நேரத்தில் கல்லூரி முதல்வர் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். மூன்று மாதத்தில் பலன் தெரியாவிட்டால் மன்றத்தை மூடிவிடலாம், தெரிந்தால் ஆண்டு விழாவில் செயலாளர் மேடையேறி அறிக்கை வாசிக்கலாம் என்றார். பி.டி. சார் முதல் பாதியைக் கேட்டுக் கவலைப்பட்டார். எனக்கு இரண்டாவது பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. அன்று மாலையே அறிக்கையை எழுதி முடித்தேன். நடுவில் எங்கெங்கே கைதட்டல் வரும் என்று அடைப்புக்குறிக்குள் குறித்தும் வைத்தேன். எடைகள் மட்டும்தான் பாக்கி.

அடுத்த மாத எடை நாளில், எடைகள் என் அறிக்கைக்கு ஒத்துழைக்கவில்லை. முதலில் ஏறிய மூன்று பேரும் ஒரு ராத்தலுக்கு மேல் ஏறவில்லை. பி.டி. சாரின் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கூடத்துக்குள் வர வேண்டும். நானும் வெறுங்காலோடுதான் நின்றேன். வேட்டி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான்காவது ஆள் ஏறியபோது என் வலது கால் மெல்ல நகர்ந்து, கட்டைவிரல் மேடையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது. அதை நான்தான் நகர்த்தினேன் என்று சொல்ல இன்றும் நா கூசுகிறது. கம்பி துள்ளியது. பி.டி. சாரின் முகம் மலர்ந்தது. ஒருவனுக்கு மூன்று, ஒருவனுக்கு நான்கு என்று தாராளமாக வழங்கினேன். நண்பனுக்கு நான்கு. அவன் மேடையிலிருந்து இறங்கி என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டல் இன்னும் தோளில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் முட்டையை உரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைக் கவனித்தேன். "அப்பால பசிக்கும்டா, அப்ப துன்றேன்" என்றான். "கோழிகூட இவ்வளவு பொறுப்பாக அடைகாக்காது" என்று நான் சொல்லி, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். செயலாளருக்கு உரிய கேள்வி ஒன்று அங்கே இருந்தது. நான் நகைச்சுவையோடு நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கும் என் எழுத்தில் உள்ள குறை அதுதான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

நான்காவது எடை நாளில் ஒன்று நடந்தது. வெல்ல மேடை என்பதால் அதன் இடுக்குகளில் எப்போதும் எறும்பு இருக்கும். நண்பன் ஏறி நின்றபோது கட்டெறும்பு ஒன்று என் விரலைக் கடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் விரலை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கம்பி விழுந்திருக்கும், பி.டி. சார் பார்த்திருப்பார். அந்த வருஷம் முழுவதும் நான் உடம்பை வருத்திச் செய்த ஒரே பயிற்சி அதுதான். கம்பி நூற்றுப்பன்னிரண்டில் நின்றது. பி.டி. சார் அவனைக் கட்டிக்கொண்டார். "நீ தேறிட்டேடா" என்று சொல்லி, பட்டியலில் அவன் பெயரை அடிக்கச் சொன்னார். நான்தான் அடித்தேன். அவனுடைய முட்டை இனி வேறு யாருக்காவது பயன்படும் என்று அவரும் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து அவன் ஆவடிக்குப் போனான். ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தான். தாண்டுவதில் தேறினான். தராசில் ஏறினான். நூற்றாறு.

மறுநாள் உடற்பயிற்சி அறையில் பி.டி. சார் அவனை நிற்கவைத்துப் பேசினார். மண்டி மேடையில் தானே மூன்று தடவை ஏறிப் பார்த்திருக்கிறார், சரியாகத்தான் காட்டியதாம். அப்படியானால் தவறு பையனுடையதுதானே. "மூணே வாரத்துல ஆறு ராத்தலைக் கரைச்சிருக்கியேடா. முட்டையை நிறுத்தினா ஊட்ல ஒரு வாய் கூடுதலா சாப்பிடறதுக்கு என்ன? உன் உடம்பு மேல உனக்கே அக்கறை இல்லன்னா நான் என்ன பண்றது?" அவர் குரல் உடைந்தது. அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை. அது கோபம் இல்லை என்பது புரியும் வயதும் எனக்கு அப்போது இல்லை. நண்பன் தலையைக் குனிந்து, "தப்புதான் சார்" என்றான். நான் கதவோரத்தில், கையில் ஆண்டு விழா அறிக்கையோடு நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவன் என்று பெயர் எடுத்தவன் நான்.

வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "எப்பிடி மாமே ஆறு ராத்தலு போவும்? நான் சோறு துன்னுக்கினுதான இருந்தேன்." "ஆவடித் தராசு கோளாறாக இருக்கும்" என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கவர்மெண்டு தராசுடா" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தான். அந்த வாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். ஆண்டு விழாவில் நான் அறிக்கை வாசித்தேன். அடைப்புக்குறி போட்ட இடங்களில் எல்லாம் கைதட்டல் வந்தது. அடுத்த வருஷம் பி.டி. சார் தெற்கே எங்கோ ஒரு பள்ளிக்கு மாறிப் போனார். மன்றமும் அவரோடு போயிற்று. தராசு பொய் சொல்லாது என்ற நம்பிக்கையையும் அப்படியே கொண்டுபோயிருப்பார். அதை உடைக்க எனக்கு ஒரு தபால் கார்டு போதுமாக இருந்தது. நான் எழுதவில்லை.

காட்டுப்பாக்கம் டாக்டர் நடக்கச் சொன்னதால், மறுநாளே பூந்தமல்லி பஸ் நிலையம்வரை நடந்தேன். திரும்பி வர பஸ்ஸுக்காக நின்றேன். அங்கேதான் அவனைப் பார்த்தேன். காதோரம் நரை, உடம்பு அதே நூற்றாறு. அம்பத்தூர்ப் பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருக்கிறானாம். "இன்னா மாமே, அப்டியே கீறியே, ரெண்டு பேர் அளவுக்கு" என்று சொல்லி, திருமழிசையில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனான். காபி வந்தது. ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேட்டி, விரல், எறும்பு எல்லாம். பதினாறு வருஷமாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்த மன்னிப்பு அது. வாயில் வந்தபோது பாதி வாக்கியம் காணாமல் போயிருந்தது.

அவன் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "மொத மாசம் முட்டைய நான்தான் துன்னேன். அப்பால நாலு ராத்தலு ஏறிச்சுன்னு நீ சொன்னியா. சும்மா ஓடறதுலயே ஏறிக்கினு கீதே, நமக்கு எதுக்குன்னு ஊட்டுக்கு எத்துகினு போயி தங்கச்சிக்குக் குடுத்தேன். டெய்லி வாசல்ல நிக்கும். நீ பேர அடிச்ச அன்னிக்கியும் நின்னுச்சு. என் சட்டைப் பைய தடவித் தடவிப் பாத்துச்சு." தம்ளரைக் கீழே வைத்தான். "நூத்தி மூணுலயேதான் கீறேன்னு தெரிஞ்சிருந்தா அத்த நானே துன்னுருப்பேன் மாமே. இல்ல, துன்னுருக்க மாட்டேனோ இன்னாவோ."

இத்தனை வருஷமும் ஒருவனிடம் மட்டும் கேட்க வேண்டிய மன்னிப்பு என்று நினைத்திருந்தேன். மேசைக்கு அடியில் என் வலது கால் கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கிக்கொண்டது. அப்போது அடுத்த தெருவில் இருக்கும் அவன் தங்கை தட்டில் மசால் வடையோடு உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, எங்க முட்டைய காலேஜ்ல ஒரு குண்டு அண்ணன் துன்னுட்டாருன்னு சொல்லுவியே, அது இவருதானா?"

"துன்னுருந்தாகூட பரவால்லம்மா" என்றான் அவன், வடைத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே. "கட்டவெரல வெச்சு மெதிச்சுட்டாரு."