மூடிய கையில் அட்சதை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. முன்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதற்கு வெளியே ஒரு சர்க்கரை உருண்டை. பக்கவாதம் வரவழைக்கப்பட்ட எலி அதன் வழியாகக் கையை நீட்டி உருண்டையை எடுத்துத் தின்றால் அதற்கு ஒரு மதிப்பெண். துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இதைப் பார்த்துக் குறிப்பதுதான் என் பிழைப்பு. மருந்து கொடுத்த எலிகளுக்குப் பெரும்பாலும் கை திரும்பிவிடும். அப்படி ஓர் எலி எடுத்துத் தின்பதை ஃபோனில் பிடித்து வைத்திருந்தேன். அத்தானிடம் அதைக் காட்டியது விளையாட்டாகத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். தொட்டியத்தில் வாழை போட்டிருந்தார். முழுத் தாரைத் தனி ஆளாகத் தூக்கித் தோளில் வைக்கிற மனிதர். ஒரு காலையில் வாய்க்கால் ஓரம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டார். யாரோ பார்த்து, வண்டி பிடித்து, தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் உச்சி வெயில். பேச்சு திரும்பியது, கால் மெல்ல வந்தது. வலது கை மட்டும் நெஞ்சோடு மடங்கி நின்றுவிட்டது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். தாலி ஏறும்போது அவள் தலையில் தன் வலது கையால் அட்சதை போட வேண்டும். அது ஒன்றுதான் அவருக்குக் கவலை. இடது கையால் போடலாமே என்று யாராவது வாயெடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"ஏன் பாப்பா, எலிக்கே வந்துடுச்சு, எனக்கு வராதா?" என்றார் வீடியோவைப் பார்த்துவிட்டு.

"எலி வேற, நீங்க வேற அத்தான்" என்றேன். எங்கள் எலிகள் எல்லாம் ஒரே வயது, இளசு. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. மூளையில் அடி எங்கே, எப்போது என்று முடிவு செய்வதே நாங்கள்தான். மருந்தும் பக்கத்திலேயே தயாராக இருக்கும். அத்தானுக்கோ சர்க்கரை, பிரஷர், வாலிபத்திலிருந்து பீடி. போதாததற்கு எலிக்கு முகூர்த்த நாள் கிடையாது. இதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே! வலது கையால் அள்ளிப் பழக, தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சிந்தியதைக் கூட்டுவதே அக்காவுக்கு வேலையாகப் போயிற்று. கார்த்திகை வாக்கில் விரல்கள் மடங்கி நாலு அரிசியைப் பிடித்தன. உடனே எனக்கு ஃபோன். "உன் எலிய ஜெயிச்சுட்டேன்னு போய்ச் சொல்லு." நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியது. எல்லார் கையிலிருந்தும் மஞ்சள் அரிசி பறந்தது. அத்தான் கையை நீட்டினார், விரல் விரியவில்லை. பக்கவாதம் கண்ட கை, பற்றிய பொருளைப் பல பேருக்கு விடாது, பதறப் பதற இன்னும் இறுகும். எங்கள் பெட்டியில் எந்த எலிக்கும் நான் அதைப் பார்த்ததில்லை. அவர் முகம் வியர்த்துவிட்டது. மகள் மாலையும் கழுத்துமாக எழுந்து வந்து, மூடியிருந்த அந்தக் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பந்திக்கும் வரவில்லை. உள்ளறையில் அக்கா வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்து, விரல் விரலாகப் பிரித்தாள். உள்ளங்கையில் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா, எலி எப்படி விடுது?" என்று கேட்டார்.

அதை நான் கவனித்ததே இல்லை. அதன் பிறகு அவர் தாம்பாளத்தைக் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது, அத்தோடு போய்விட்டார்.

இன்று காலையும் ஓர் எலி கண்ணாடி இடைவெளி வழியாகக் கையை நீட்டி உருண்டையை எடுத்தது. வாயருகே கொண்டுபோய் விரல்களை விரித்தது. எவ்வளவு சுலபமாக விரித்தது! எனக்கு அதன் மேல் கோபம் வந்தது. பாவம், அது என்ன செய்யும். ஒரு மதிப்பெண் போட்டேன்.