மொக்கம்மாள் என்கிற பேலன்ஸ் ராடு

ஒரு காருக்குப் பொம்பளை ஒருத்தி உதிரிபாகமாக இருந்தாள் என்றால் எவன் நம்புவான்? நான் நம்பித்தான் ஆக வேண்டும், அந்தக் காருக்கு மெக்கானிக்கே நான்தான். பெயர் காசிமாயன். போடியில், மலைமேல் இருக்கிற மெட்டுக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஷெட் இருந்தது.

எழுபத்தொன்பதில் ஒரு நாள் ராக்கையா தன் பழைய பியட் டாக்சியைக் கொண்டுவந்து நிறுத்தினான். வளைவில் திருப்பினால் சாமி வந்தவன் மாதிரி வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறதாம். அடியில் படுத்துப் பார்த்தேன். வண்டி சாயாமல் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கம்பிக்குப் பேலன்ஸ் ராடு என்று பெயர். அதன் இரண்டு முனையையும் சக்கரத்துப் பக்கம் கோர்த்திருக்கும் லிங்க் இரண்டும் அறுந்து தொங்கின. ராடில் விரிசல். ரப்பர் புஷ் எல்லாம் தூள். கழற்றிப் போட்டுவிட்டு மதுரைக்குச் சொல்லி அனுப்பினேன். சாமான் வரும்வரைக்கும் மெட்டு ஏறாதே என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டானா? மறுநாளே ஏறினான். ஏலக்காய் சீசனில் எந்த டிரைவர் சும்மா இருப்பான்!

அன்றைக்கு அந்த வண்டியில் இருந்தவள்தான் மொக்கம்மாள். சரக்கு வைக்கிற கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். கனத்த உடம்பு, வாய் அதைவிடக் கனம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் சந்திரவல்லியை மெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் கட்டிக் கொடுத்திருந்தாள். மகளுக்கு இது தலைப்பிள்ளை. முறைப்படி தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு அந்த வளைவுகளில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவது மொக்கம்மாளுக்குக் கௌரவக் குறைச்சல். தினம் பஸ்சில் போய்வரக் கையில் வழியில்லை. அன்றைக்கு ஒரு நாளைக்கு என்று ராக்கையாவைக் கெஞ்சி ஏறியிருந்தாள்.

மூன்றாவது வளைவில் வண்டி சாய்ந்தது. பின்சீட்டில் இருந்த மொக்கம்மாள், பக்கத்தில் இருந்த எஸ்டேட் கங்காணியையும் அவர் மடியில் இருந்த கோழியையும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு மறுபக்கக் கதவில் போய் விழுந்தாள். வண்டி நிமிர்ந்துவிட்டது.

"ஏத்தா, இதை எங்க படிச்சே?" என்று ராக்கையா வாயைப் பிளந்தான்.

"சொளகுல காய் ஒரு பக்கமா ஒதுங்குனா எந்தப் பக்கம் தட்டணும்னு எனக்குத் தெரியாதாக்கும்? நீ ரோட்டைப் பாரு அப்பு."

அதோடு அவளுக்குத் தினப்படி இலவசச் சவாரி. காலையில் ஏறி, மகளுக்குத் தலைவாரி, சோறூட்டி, மதியச் சவாரியோடு இறங்கிக் கிட்டங்கிக்கு வந்துவிடுவாள். வளைவுக்கு முன்னால் "எடது!" என்று கத்துவாள். வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் இடப்பக்கம் ஒண்ட வேண்டும்; "வலது!" என்றால் வலப்பக்கம். கங்காணிக்கு அது பழகிப்போய், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் திடீரென்று சாய்ந்தாராம். "ஈ சேச்சி இல்லாத்த வண்டியில் ஞான் கேறில்ல" என்று மலையாள ஏலக்காய் வியாபாரி ஒருத்தர் வண்டியில் ஏறாமல் ஒற்றைக் காலில் நின்றார். அவளுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாள் ராக்கையா என் ஷெட்டுக்கு ஓடி வந்து, "அண்ணே, பேலன்ஸ் ராடுக்குக் காச்சல்" என்றான். ஸ்பேனரால் அடிக்கப் போனேன். இருபது வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டுகிறவன் நான். ஒரு பொம்பளை நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து என் தொழிலைக் கெடுக்கிறாளே என்று வயிறு எரிந்தது.

ஆயுத பூசையன்று காலையில்தான் மதுரையிலிருந்து சாமான் வந்தது. ராக்கையா வண்டியைக் கழுவி என் ஷெட்டுக்கே கொண்டுவந்திருந்தான். ஸ்டியரிங், நாலு சக்கரம், ஜாக்கி, ஹாரன் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தான். கடைசியில் மொக்கம்மாளைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருப்பவர்களை இடித்துத் தள்ளுகிற அவளுடைய இரண்டு முழங்கையிலும் சந்தனத்தைப் பூசிச் சூடம் காட்டினான். அவளும் வண்டிச் சாமான்தானாம்! எனக்குப் பொறுக்கவில்லை. சாக்கைப் பிரித்துப் புது ராடை எடுத்து எல்லார் முன்னாலும் நீட்டினேன்.

"இந்தா, வந்துருச்சு அசல் சாமான். இப்பவே மாட்டுறேன்."

மொக்கம்மாள் முகம் செத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "பூசை போட்ட ஆயுதத்த இன்னைக்கு எவனாச்சும் கழட்டுவானா? ஒன் ஸ்பேனரெல்லாம் சாமி முன்னாடி கெடக்கே, எடுப்பியா நீ?"

எப்படி எடுப்பேன்? அன்று காலையில்தான் ஸ்பேனர் இரவல் கேட்ட லாரிக்காரனை வைது விரட்டியிருந்தேன். "சரி, நாளைக்கு மாட்டுறேன்" என்றேன்.

"நாளைக்கு மாட்டிட்டா நான் எப்படிப் போவேன்?" குரல் இறங்கிவிட்டது. "பேறுகாலத்துக்கு இன்னும் பத்து நாளுதான் கெடு சொல்லியிருக்காக. தனியாக் கெடந்து பயப்படுதுய்யா எம்புள்ள."

கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் ராடு, இரண்டு லிங்க், புது புஷ் எல்லாம் மாட்டினேன். ராக்கையா தலையைச் சொறிந்துகொண்டு, "ஆத்தா, ஒன் எடத்துல இனிமே ஒரு சவாரி ஏத்திக்கிறேன்" என்றான். அவன் பிழைப்பு அவனுக்கு. அவள் மகளுக்குக் கொண்டுவந்த தூக்குவாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வாய் பேசாமல் நின்றதை என்னால் சகிக்க முடியவில்லை.

புது புஷ்ஷை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டி தரையில் நின்று, கனம் ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு. இது தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். ஜாக்கியை இறக்கினேன்.

"ஆத்தா, ஏறி ஒக்காரு வெரசா" என்றேன். அவள் ஏறினாள். அடியில் படுத்து நாலு நட்டையும் முறுக்கிவிட்டு வெளியே வந்தேன்.

"ராக்கையா, புஷ்ஷை இவ கனத்துக்குத்தான் இறுக்கியிருக்கேன். இவ இல்லாம மெட்டு ஏறினே, லிங்க் அறுந்துரும்."

"எத்தனை நாளைக்குண்ணே?"

அதுவரைக்கும் ஒரு நட்டைப் பற்றிக்கூட நான் பொய் சொன்னதில்லை. "புஷ்ஷு பதியணும்ல? புள்ள பெறந்து தலை நிக்கிற வரைக்கும்" என்றேன்.

ராக்கையா என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கதவைச் சாத்தினான். ராடைச் சோதிக்க நானும் ஏறிக்கொண்டேன். மூன்றாவது வளைவில் வண்டி ஒரு விரற்கடைகூடச் சாயவில்லை, என் வேலை அப்படி. ஆனால் "எடது!" என்று அவள் கத்தியதும் வண்டியில் இருந்த எல்லாரும் நகர்ந்தார்கள். சனியன், நானும் நகர்ந்தேன்.

சந்திரவல்லிக்குப் பையன் பிறந்தான். அவனுக்குத் தலை நின்றது, நடந்தான், பள்ளிக்கூடமும் போனான். வருஷா வருஷம் ஆயுத பூசையன்று ராக்கையா என்னிடம் கேட்பான்: "புஷ்ஷு பதிஞ்சிருச்சாண்ணே?"

"இன்னும் இல்லடா" என்பேன். அவனும் மறுபேச்சுப் பேசாமல் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு அவள் முழங்கையைத் தேடிப் போவான்.