காப்புக் கயிறும் துபாய் டிக்கெட்டும்

மே மாதத்தில் துபாய்க்குப் போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து விளாங்குடியில் எனக்குப் புத்தி சொல்லாத ஆளே கிடையாது. "இங்க காயுற வெயிலு பத்தலையாக்கும்?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், "அங்க மணல்ல முட்டைய வச்சா வெந்துருமாம்ல" என்றார், ஏதோ நேற்றுத்தான் வைத்துப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோடை விடுமுறையில் போகாமல் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும்போதா போக முடியும்?

என் கணவர் ஒன்பது வருடமாக அங்கே ஒரு குழாய் குடோனில் வேலை பார்க்கிறார். கடைசியாக வந்துபோய் மூன்று வருடம். அப்போது மகன் என் தோளுக்குக் கீழே நின்றான். இப்போது பதினாலு வயது, என்னைவிட உயரம், குரலும் உடைந்துவிட்டது. போனை அவன் எடுத்தால் யார் பேசுவது என்று அப்பாவே கேட்கிறார். லீவு கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று அவர் சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துப்போனது. சரி, நீங்கள் வரவேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று முடிவெடுத்தவள் நான்தான். அவரோடு வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பம் கோடையில் ஊருக்குப் போகிறது, மூன்று வாரம் வீடு சும்மாதான் கிடக்கும், அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று அவரும் சொன்னார்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெட்டி கட்டுவது இருக்கிறதே, அது தனிச் சண்டை. மகன் கறுப்புச் சட்டையைத் தவிர வேறெதையும் எடுத்துவைக்க மாட்டேன் என்றான். அந்த வெயிலுக்குப் பருத்திதான்டா ஆகும் என்றால், "ம்மா, அங்க எல்லாமே ஏசிதான்" என்று எனக்கே பாடம் எடுத்தான். பதினாறு வயது மகள் முதலில் பெரிய பட்டியல் போட்டாள், தொப்பி, முகத்துக்குப் பூசும் கிரீம், கூலிங் கிளாஸ். பிறகு என்னவோ சுரத்தே இல்லாமல் போய்விட்டாள். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்மா" என்றாள். இவர்களுக்காகத்தானே அலைகிறேன் என்று அவளை நன்றாகத் திட்டினேன். அந்தத் திட்டை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு கூசுகிறது.

டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு. அதற்கு முந்தைய வாரம் கணவரின் அண்ணன் போன் செய்தார். அவர் சொந்த ஊரில், சமணர் மலைக்கு அந்தப் பக்கம், விவசாயம் பார்க்கிறார். "சாமிகிட்டச் சொல்லாமலா கடல் தாண்டப் போறீங்க? செவ்வாக்கிழமை மகனக் கூட்டிட்டு வா தாயி, துன்னூறு வாங்கிட்டுப் போயிருங்க" என்றார். அன்றுதான் அம்மன் கோவில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். காப்புக் கட்டிக்கொண்டவர்கள் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் எங்கள் குடும்பத்தில் அண்ணன் ஒருவர்தான் எப்போதும் கட்டிக்கொள்வார். அந்த நம்பிக்கையில் போனேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

பூசாரியிடம் திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பினேன். மகன் ஆண்கள் வரிசையில் நிற்கிறான். அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு.

"பெரியப்பா கூப்பிட்டாங்க, கைய நீட்டுனேன்மா" என்றான்.

"ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்டுன்னு உங்களுக்குத் தெரியும்ல மச்சான்?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"தெரியுந்தாயி. துபாய் எங்க போயிறப் போகுது? அடுத்த வருசம் போய்க்கிறலாம். இந்த வருசம் தம்பி வீட்டுக்கு இவன் பால்குடம் எடுக்கட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல், வேட்டியில் ஒட்டிய மஞ்சளைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

அந்தக் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு மகனை இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நாளைக்குப் பையனுக்குக் காய்ச்சல் என்றாலும் என் மனசு அங்கேதானே போய் நிற்கும். அது தெரிந்துதானே கட்டினார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அவனை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் கொட்டித் தீர்த்தேன். உன் பெரியப்பாவைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை, இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றெல்லாம் கத்தினேன். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"பெரியப்பாவ வையாதம்மா. அப்பாதான் கட்டச் சொல்லுச்சு. அந்த வீடு கிடைக்கலையாம், அவங்க ஊருக்கே போகலையாம். உங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு எங்கிட்டச் சொல்லுச்சு. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

ஒரு வீடு கிடைக்கவில்லை என்பதற்காகவா இத்தனை நாடகம்? அண்ணன் தம்பி இரண்டு பேரும், நடுவில் அம்மனும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு என் மகள் வாயையும் கட்டியிருக்கிறார்கள். அவளிடமே போனைக் கொடுத்து, டிக்கெட்டை மாற்றச் சொன்னேன். காப்பு அவிழ்ப்பது அடுத்த புதன்கிழமை. வியாழக்கிழமைக்கு மூன்று இடம் இருந்தது. போட்டு முடித்த பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

"காப்புக் கட்டச் சொன்னது நீங்கதானா?"

அவருக்குப் பின்னால் யார் யாரோ பேசும் சத்தம், குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.

"வீடு இல்லைன்னு சொன்னா நீ கேக்க மாட்ட. வந்தே தீருவேன்னு நிப்ப" என்றார்.

"நிப்பேன். அதுக்காக சாமிய வச்சு என் புள்ளையக் கட்டிப் போடுவீங்களா?"

"எட்டுப் பேரு இருக்கிற ரூம்புடி இது. எனக்கு மேல்கட்டிலு. எந்திரிச்சு உக்காந்தா தலை இடிக்கும். இங்கிட்டு எங்க புள்ளைகளக் கூட்டியார?"

ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட இதை அவர் சொன்னதில்லை. ரூம் நல்லா இருக்கு, சாப்பாடு நல்லா இருக்கு, இம்புட்டுத்தான். வீடியோவில் பேசும்போதெல்லாம் அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும். நானும் ஒரு நாளும், போனைத் திருப்பிக் காட்டுங்க என்று கேட்டதில்லை.

"வெளிய ஒரு லாட்ஜு பாருங்க. மூணு வாரம் வேணாம், நாலு நாள் போதும். ஆனா நீங்க படுக்கிற இடத்த நாங்க பாக்கணும்" என்றேன்.

"பையன் இதப் பாத்தா என்னைய என்னன்னுடி நினைப்பான்?"

அந்தக் கேள்விக்கு என் கோபம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இன்னும் ஏறியது.

"அப்பான்னு நினைப்பான்" என்றேன். "வியாழக்கிழமை வாரோம். ஏர்போர்ட்டுக்கு வந்துருங்க."