அரையடி மாஸ்டர்

சினிமாவுக்கு வந்த முதல் நாளே கதாநாயகனின் உதட்டைக் கிழித்த புண்ணியவான் நம்ம மாஸ்டர். கராத்தேயில் மூன்று கோப்பை வாங்கிய கை; பாயத் தெரியும், நிற்கத் தெரியாது. கதாநாயகனுக்கு நாலு தையல். பிழைப்பில் மண் விழுந்ததென்று நடுங்கிப்போனவர், வீட்டுச் சுவரைப் பார்த்து மாதக்கணக்கில் குத்திக் குத்தி, கை அரையடி முன்னால் தானாக நிற்கும்படி பழக்கினார். பக்கவாட்டில் கேமரா வைத்தால் அந்த இடைவெளி தெரியாது. அன்றிலிருந்து அவர் அரையடி மாஸ்டர்.

பத்து வருடம் அடி வாங்கினார், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தார், மாடிகளிலிருந்து விழுந்தார். ஒருநாள் கீழே, விழுகிறவனைத் தாங்க அடுக்கும் அட்டைப்பெட்டியில் ஒரு வரிசை குறைகிறது என்று மேலே நின்றபோதே கண்ணில் பட்டது. சொல்லியிருக்கலாம். கோப்பை வாங்கியவன் பயந்துட்டான் என்பார்களே! வாயை மூடிக்கொண்டு குதித்தார். முழங்கால் போயிற்று.

அதன்பிறகு குதிப்பதை விட்டுச் சண்டை அமைக்க வந்தார். வந்ததும் இரண்டு சட்டம் போட்டார். குதிக்கிறவன் ‘இருங்க’ என்றால் எல்லாரும் நிற்க வேண்டும், ஏன் என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. விழுந்தவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும்வரை யாரும் கைதட்டக் கூடாது.

அவர் குழுவில் உயரமான இடமென்றால் குதிப்பவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. எங்கே விழுந்தாலும் அலுங்காமல் எழுந்துவிடுவதால் பஞ்சு என்று பெயர். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்தவர் இவர்தான். அதனால் அவன் ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் கீழே பெட்டிகளை இவரே ஒரு தடவை எண்ணுவார்.

அன்று காலையில் மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, பிடித்த பிடியை விடவில்லை.

“அவனுக்கு நாப்பத்திரண்டு வயசாச்சுங்க. மூணாவது மாடியாமே? வேற ஆளே இல்லையா?”

“நான் பாத்துக்கிறேன்மா.”

“நீங்க பாத்துக்குவீங்க. குதிக்கப்போறது அவன்தானே?”

டப்பாவை மெல்ல இழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

படப்பிடிப்பில் ஒவ்வொரு பெட்டியையும் தானே அழுத்திப் பார்த்தார். மேலே விரித்த மெத்தையை இரண்டு தடவை இழுத்துச் சரிசெய்தார். வேறு ஆளை ஏற்றுகிறேன் என்று பஞ்சுவிடம் சொல்லிப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டான்.

“ரெடியா?” என்று மைக்கில் கேட்டார்.

மேலிருந்து குரல் வந்தது. “இருங்க மாஸ்டர்.”

இத்தனை வருடத்தில் பஞ்சு அப்படிச் சொன்னதே இல்லை. டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மாஸ்டரின் கண் பெட்டிகள் மேல் ஓடியது. எந்தப் பெட்டி? எந்த வரிசை? சட்டம் போட்டவரே கேட்க முடியாது.

பஞ்சு இறங்கி வந்து அவர் காதோரம் குனிந்தான். “பெட்டியெல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. உங்க கைதான் சரியில்ல. மைக் ஆடுறது மேல வரைக்கும் தெரியுது. அதப் பாத்தா எனக்கும் கால் கூசுது. தள்ளிப் போய் உக்காருங்க.”

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை. மைக்கை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பஞ்சு மறுபடி மேலே ஏறியதும், ஒன்று, இரண்டு, மூன்று என்று உதவியாளர் எண்ணினார். தொப்பென்று பெட்டிகள் நொறுங்கின.

கைதட்டல் வரவில்லை.

அவரும் எண்ணினார். அஞ்சு. ஆறு. அவன் அக்காவிடம் என்ன சொல்வேன்? ஏழு. யாரோ “பஞ்சண்ணே!” என்று கத்தினார்கள். போன முழங்காலை வைத்துக்கொண்டு அவர் எப்படி ஓடினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. மெத்தை நழுவி, ஆள் பெட்டிகளுக்குள் புதைந்திருந்தான். மாஸ்டர் அட்டைகளைப் பிய்த்து எறிந்தார். நாலாவது பெட்டிக்கு அடியில் ஒரு கை தெரிந்தது. கட்டைவிரல் தூக்கியபடியே இருந்தது.

“அப்பவே தூக்கிட்டேன் மாமா, யாருக்கும் தெரியல போல” என்று பல்லைக் காட்டினான் பஞ்சு.

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அரையடி பழகிய இந்த இருபத்திரண்டு வருடத்தில் இடைவெளி இல்லாமல் மாஸ்டர் அடித்த ஒரே அடி அதுதான். அடித்த கையாலேயே அவனை இழுத்து அணைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் விம்மி விம்மி அழுதார்.

பஞ்சு கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

“இருங்க, அக்காகிட்ட சொல்றேன்.”