தலையணை உறையை மோந்து பார்ப்பவள்

பார்லருக்கு வருகிறவர்கள் அவளை உறையக்கா என்பார்கள். நேரில் இல்லை, அவள் முதுகைத் திருப்பியதும். முதல் தடவை வருகிற யாரிடமும் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: ராத்திரி படுக்கப்போகும்போது முகத்தில் என்ன போடுகிறீர்கள்? எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதிலைச் சொல்வார்கள். ஒன்றுமில்லை, வெறும் தண்ணி. அந்த வெறும் தண்ணியைக் கேட்டால் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குமட்டல் எழும். சரி, நீங்கள் தலை வைத்துப் படுக்கிற தலையணை உறையைத் துவைக்காமல் அப்படியே சுருட்டி எடுத்து வாருங்கள், பிறகு ஃபேஷியலைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள். வருகிறவர்களின் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பாள். கலர் துணியில் வட்டம் வட்டமாக வெளுத்திருந்தால் பருவுக்குப் போடுகிற க்ரீம். கன்னம் படுகிற இடத்தில் மஞ்சள் படிந்திருந்தால் ரெட்டினால் என்கிற ராத்திரி மருந்து. புளித்த வாடை அடித்தால் மேல்தோலை உரிக்கப் பூசுகிற ஆசிட். மடிப்பில் பொடிப்பொடியாக வெள்ளைச் செதில் உதிர்ந்தால் இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஒரு மகராசி தூங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். ஒருத்தி கொண்டுவந்த உறை பிசுக்கேறி விறைத்துப்போய், மேஜையில் வைத்தால் தானாகவே நின்றது. அன்று மதியம் உறையக்கா சாப்பிடவில்லை.

இத்தனை அருவருப்பு உள்ளவள் ஊரார் முகத்தைத் தேய்க்கிற வேலைக்கு ஏன் வந்தாள் என்றால், வேறு கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். தரையில் கிடக்கிற மயிரைக் கூட்ட வந்தாள். பிறகு துண்டு துவைத்தாள், பிறகு முகம். பத்தொன்பது வருஷம். மூக்கின் மேலிருந்து பிதுங்கி வருகிற வெள்ளைப் புழுக்களும், நாலு பேர் விரல் விட்டுத் துழாவிய க்ரீம் டப்பாவும், ஈரம் காயாமலே அடுத்த முகத்துக்குப் போகிற ஸ்பாஞ்சும் அவளுக்குப் பழகவே இல்லை. பழகிவிட்டால் என்னைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.

உறை வாங்குகிற வழக்கம் ஒரு டீச்சரால் வந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த ஆறாம் வருஷம். டீச்சரின் கன்னமெல்லாம் மெல்லிய தோல் உரிந்து நின்றது. கேட்டதற்கு வெறும் தண்ணி என்றார். இவளும் அழுக்கென்று நினைத்து, சொரசொரப்பான ஸ்க்ரப்பை அள்ளி அழுத்தித் தேய்த்தாள். அது அழுக்கு இல்லை. ஏதோ ஒரு க்ரீம் தின்று மெலிய வைத்திருந்த தோல். ஸ்க்ரப்போடு சேர்ந்து கையில் வழுவழுவென்று வந்தது. அந்த வழுவழுப்பு இன்றுவரை அவள் விரல் நுனியில் இருக்கிறது. சோப்புப் போட்டால் போகிற வகை இல்லை. டீச்சர் சண்டை போடவில்லை. கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருத்துப்போய், கைப்பையை அந்தப் பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல மாதம் இந்தத் தெருவில் நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்பாள் உறையக்கா.

பார்லர் முதலாளியம்மாவுக்கு, எல்லோரும் மேடம் என்பார்கள், இந்த மோப்பம் அறவே பிடிக்காது. வருகிற லட்சுமியை வாசலிலேயே விரட்டுகிறாள் என்று முணுமுணுப்பார். மேடத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: எரிந்தால் வேலை செய்கிறது, இன்னும் எரிந்தால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அந்த டீச்சருக்குப் பிறகு உறையக்காவின் கை பட்டு யாருக்கும் முகம் வெந்ததில்லை என்று பேர் இருந்ததால் அவளை வைத்திருந்தார்.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். இரண்டு அறை, ஒரு குழாய். தங்கைக்கு முப்பது நெருங்கியும் பரு நிற்கவில்லை. ஒன்று அடங்கினால் அதன் தழும்பின் மேலேயே இன்னொன்று முளைக்கும். ஓட்டல் வரவேற்பு மேஜை வேலைக்கு இரண்டு இடத்தில் போய்த் திரும்பி வந்தாள். இரண்டாவது இடத்தில் ஒரு ஆள் கன்னத்தையே பார்த்துக்கொண்டு, இது என்னம்மா, தொத்துமா என்று கேட்டானாம். மூன்றாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நாளில் வந்து சேரச் சொன்னார்கள். அதற்குள் முகம் துடைத்த கண்ணாடியாகிவிட வேண்டும் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவோ, முகம் ஒன்றும் பாத்திரம் இல்லை, விளக்கி வைக்க, ஒரே ஒரு மருந்து, அதுவும் வாரத்தில் இரண்டு ராத்திரி, மூன்று மாதம் பொறு என்றாள். தங்கை அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் இருந்ததே சந்தேகப்பட்டிருக்க வேண்டிய விஷயம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, உறையக்காவுக்கு லீவு. தங்கை புது வேலைக்குச் செருப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பிவிட்டாள். இவள் துணி ஊறவைக்க உட்கார்ந்தாள். வாளியில் போடக் குவியலை இழுத்தபோது தங்கையின் நீல உறை கையில் வந்தது.

நடுவில் வட்டம் வட்டமாக வெளுத்திருந்தது. ஓரத்தில் மஞ்சள். மோந்து பார்த்தாள், புளித்த வாடை. உதறினாள், ஈரத் தரையில் வெள்ளையாக உதிர்ந்தது.

ஊரார் உறையையெல்லாம் மோந்தவள் சொந்த வீட்டு உறையை ஒரு நாளும் மோந்ததில்லை. தன் உள்ளாடையைக்கூட அக்கா தலையில் கட்டுகிற சோம்பேறி, இரண்டாவது ஓட்டலிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் ஒரு மாதமாகத் தலையணை உறையை மட்டும் தானே துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இன்று கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டாள். பொறுப்பு வந்துவிட்டது என்று இவள் பூரித்துப்போயிருந்தாள். இப்போது அந்தப் பூரிப்பை நினைத்தால் காறித் துப்பலாம்போல் இருந்தது. தங்கையின் மெத்தையைப் புரட்டினாள். பரு க்ரீம் ஒன்று, ரெட்டினால் குப்பி ஒன்று, தினமும் தடவச் சொல்லி எழுதியிருந்த ஆசிட் தண்ணி ஒன்று. நான்காவது ஒரு ஸ்க்ரப். அது பார்லரில் மிச்சமாகி இவளே வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்து மறந்தது. டீச்சரின் கன்னத்தில் தேய்த்த அதே வகை.

அப்போதுதான் முந்தின நாள் சாயங்காலம் தங்கை சாதாரணமாகக் கேட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை உங்க மேடம் கடையில இருப்பாங்களா, அக்கா?

குழாயை மூடக்கூட இல்லை. நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பார்லர் வரைக்கும் இரண்டு தெருவையும் ஓடியே கடந்தாள்.

பார்லரில் கடைசிக் கட்டிலில் தங்கை படுத்திருந்தாள், கண்மேல் பஞ்சு வைத்து. மேடம் ஒரு கையால் பிரஷ்ஷையும் மறு கையால் அட்டை விசிறியையும் பிடித்திருந்தார். முகம் முழுக்க ஆசிட். பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றுகிற, அனுபவம் உள்ளவர்கள் மட்டும் தொட வேண்டிய, உறையக்கா ஆறு வாரம் முகத்தைப் பழக்காமல் யாருக்கும் போடாத ரகம். மூக்கின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுக்க ஆரம்பித்திருந்தது. தங்கை கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் விரல் மூட்டும் வெளுத்திருந்தது. எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று மேடம் தாலாட்டுப் பாடுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

உறையக்கா யாரையும் கேட்கவில்லை. தங்கையைத் தோளோடு தூக்கித் தலை கழுவுகிற தொட்டிக்கு இழுத்துப்போய், குளிர்ந்த தண்ணீரைத் திறந்து முகத்தை அதற்கடியில் பிடித்தாள். நடுவில் கழுவினால் திட்டுத்திட்டாக வரும் என்று மேடம் பின்னாலேயே வந்தார். இவள் தேய்க்கவில்லை, தொடவில்லை, தண்ணீரை மட்டும் ஓடவிட்டாள்.

"ராத்திரி என்னடி போடற?" என்று கேட்டாள்.

தண்ணீருக்கடியிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "ஒண்ணுமில்லக்கா. வெறும் தண்ணி."

அந்த நிலையிலும் உறையக்காவுக்கு ஓங்கரித்தது. உறையை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்று சொன்னதும் தங்கையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. இருபது நிமிஷம் அந்தக் குழாய் ஓடியது.

மேடத்துக்குத் தன் நியாயம் இருந்தது. அவர் கேட்டாராம், அவள் ஒன்றும் போடுவதில்லை என்றாளாம். வளர்ந்த பெண், வாயில்லாப் பூச்சியா, சொல்லியிருக்க வேண்டாமா என்றார்.

"சொல்லமாட்டாங்க மேடம்," என்றாள் உறையக்கா. "யாரும் சொல்லமாட்டாங்க. அதுக்குத்தான் மூஞ்சியப் பாக்கணும். உரிஞ்சு நிக்கிற தோல் மேல ஆசிட்ட ஊத்திட்டு விசிறி வீசறீங்க. அந்த விசிறியத் தொடவே எனக்குக் கை கூசுது."

நாளைக்கு வேலைக்கு வருகிற எண்ணம் உண்டா என்று மேடம் கேட்டார். கட்டிலுக்கு ஒரு ஸ்பாஞ்சு, முகத்துக்கு ஒரு துண்டு, உறையைப் பார்க்காமல் ஆசிட் கிடையாது, இதெல்லாம் இருந்தால் உண்டு என்று சொல்லிவிட்டு, ஈரத் தங்கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள்.

கழுவியது நல்லதாயிற்று, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தழும்பு என்றார் டாக்டர். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மெத்தைக்கடியில் இருந்த நாலும் கிட்டேயே வரக்கூடாது, மிருதுவான சோப்பு, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்கிரீன், வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிற எரிச்சல் முழுக்க நின்ற பிறகுதான் மற்றதெல்லாம் என்றார். தங்கை அன்றுதான் முதல் தடவையாக வெறும் தண்ணிக்காரி ஆனாள்.

அடுத்த பத்து நாளும் பார்க்கச் சகிக்கவில்லை. முகம் தக்காளியாகி, பிறகு காய்ந்து, பாம்பு சட்டை கழற்றுகிற மாதிரி கழன்றது. பேசினால் உதிர்ந்தது. சாப்பிடும்போது தட்டில் விழுந்தது. உறையக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். போகும்போதும், பிய்க்காதே, கையை எடு என்று சொல்லிக்கொண்டேதான் போனாள். தொங்குகிற தோலை ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிடத் தங்கையின் விரல் துடிக்கும். அக்கா அவளுடைய இரண்டு கைக்கும் காலுறை மாட்டி விட்டாள். இந்தக் கோலத்தில் வேலைக்குப் போவதைவிட வீட்டோடு கிடக்கலாம் என்று தங்கை அழுதாள். கண்ணீரும் எரிந்தது.

மேடம் மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். புது ஸ்பாஞ்சு ஒரு டஜன் வாங்கி வைத்திருப்பதாகச் சேதி. உறையக்கா போனாள், போய் எண்ணிப் பார்க்காமல் மோந்து பார்த்தாள்.

வேலையில் சேர வேண்டிய பன்னிரண்டாம் நாள் காலை முகம் அடங்கியிருந்தது. உரிந்ததற்குக் கீழே பழைய தழும்பெல்லாம் அப்படியே, ஒன்றுகூடக் குறையாமல். மூக்கின் பக்கத்தில் புதிதாகப் பழுப்பாய் ஒரு திட்டு. தங்கை பவுண்டேஷன் டப்பாவை எடுத்தாள். புதுத் தோல், இப்போது வேண்டாம் என்று அக்கா வாங்கி வைத்துவிட்டாள். மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் பூசிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், தலையைக் குனிந்தபடி தங்கை போனாள். அன்று முழுக்க உறையக்கா எத்தனை முகத்தைத் தொட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வேலை போய்விட்டால் தங்கை திரும்பவும் மெத்தையைப் புரட்டுவாள் என்பது மட்டும் தெரியும்.

சாயங்காலம் தங்கை செருப்பைக் கழற்றி மூலைக்கு ஒன்றாக வீசிவிட்டு உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று அக்கா கேட்டாள்.

"ஒருத்தன்கூட என் மூஞ்சியப் பாக்கலக்கா. சாவி, சாவி, சோப்பு இல்ல, சாவி. நாள் பூரா என் கையத்தான் பாத்தானுங்க." ஏமாந்துபோன கோபம் அவள் குரலில் இருந்தது. "இவனுங்களுக்காகவா தோல உரிச்சுக்கிட்டேன்? சீ."

நாளைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அக்கா கேட்டாள். ஏழு மணிக்கு என்றாள் தங்கை. ஒன்றரை மாதம் கழிந்து, எரிச்சல் துளியும் இல்லாதபோது, ரெட்டினாலை மட்டும், அதுவும் நாலு நாள் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு, வாரத்தில் இரண்டு ராத்திரி ஒரு பட்டாணி அளவு என்று அக்கா சொன்னாள். முகம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், முன்னாலும் பின்னாலும் மாய்ஸ்சரைசர் என்றாள். தங்கை தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை உறையக்கா ஒரு காசுக்கும் நம்பவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை துணிக் குவியலிலிருந்து நீல உறையை முதலில் உருவினாள். வெளிச்சத்தில் விரித்தாள். பழைய வெளுப்பு இருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை. மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தாள். வேர்வை, தலை எண்ணெய், வாயோரம் ஒழுகிக் காய்ந்த எச்சில்.

"சீ, எச்சி," என்று இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டு வாளியில் போட்டாள்.