கண்டக்டருக்குக் கட்டிய மேல்வாய்

பல்செட் கட்டுகிறவர்களுக்குக் கை ஓடினால் போதும். ஆபரேஷனில் மேல்தாடையையே எடுத்துவிட்டவர்களுக்கு மேல்வாய் கட்டுவதென்றால் நம் வாயும் ஓட வேண்டும். கடையில் உப்பு கேட்கவே கூச்சப்படும் என்னைப் போன்ற பெண்களே, என் பாட்டை நீங்களாவது கேளுங்கள். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய நான், கைக்குழந்தையோடு மன்னார்புரத்தில் ஒரு பல் டாக்டரிடம் மெழுகு உருக்கப் போனேன்.

என்ன குழம்பு?

சவரிமுத்து அண்ணன் ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கட்டி வந்து மேல்தாடையை எடுத்தபின், குடித்த தண்ணீரும் மூக்கில் வந்தது, பேச்சும் மூக்கில் வந்தது. ஸ்டாப்பிங் பேர் புரியணும், விசில் கேட்கணும், அப்போதுதான் திரும்ப வேலை என்று பஸ் முதலாளி சொல்லிவிட்டார்.

ஓட்டையை அடைக்கும் மெழுகை இளஞ்சூடாக வாயில் வைத்துப் பேசவிட்டால், தொண்டை அசைவுக்கு ஏற்றபடி அது படியும். "பேச்சுக் குடும்மா" என்று என்னை எதிரில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் போய்விடுவார். எனக்கு வந்த பேச்சு ஒன்றுதான்: "வீட்டுல இன்னைக்கு என்ன குழம்புங்க?" அண்ணன் வந்த நாளெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு அதையே கேட்டேன். ஒரு நாள் அவர் சம்சாரம் மரியம்மா அக்கா தூக்குவாளியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, ஆசையா இருந்தா நேரா கேக்கக் கூடாதா? இந்தா, கருவாட்டுக் குழம்பு!"

பல்லின் நிறம்

மேல்வாயில் பதிக்கப் பல் எடுத்துக் காட்டினேன். இருப்பதிலேயே பளிச்சென்று இருந்ததைத்தான் காட்டினேன். அண்ணன் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, வெற்றிலைக் காவி ஏறினமாதிரி இருந்த பல்லைத் தொட்டார்.

"இது போதும்மா. நான் மாப்பிள்ளையா போகல, டவுன் பஸ்ஸுலதான் போறேன்."

ரைட்

மேல்வாய் முடிந்தது. "சத்திரம், மாம்பழச்சாலை, ஸ்ரீரங்கம்!" என்று அவர் கூவியதும் டாக்டர் கைதட்டினார். அண்ணன் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். காற்றெல்லாம் மூக்கில் போய்விட்டது. மறுநாள் காலை முதலாளி முன்னால் நிற்க வேண்டும். மரியம்மா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சுக்குத்தான் மெழுகைப் படியவிட்டோமே தவிர ஊதுவதற்குப் படியவிடவில்லை.

பின்பக்கம் புது மெழுகு சேர்த்தோம். "ஊதுங்கண்ணே! இன்னும் பலமா!" என்று நானா கத்தினேன்? ஊதினார், ஒன்றுமில்லை. மெழுகைத் திருத்தித் திருத்தி வைத்தோம். கடைசியில் இரண்டு விசில், அறையே அதிர்ந்தது. தூளியில் என் பிள்ளை அலறினான். வெளியே ஸ்டாப்பிங்கில் நின்ற பஸ் கிளம்பிப் போய்விட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த அதன் கண்டக்டர் கிளாஸோடு உள்ளே ஓடிவந்தார். "எவன்யா என் வண்டிக்கு ரைட் குடுத்தது?"

சவரிமுத்து அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"நான்தாம்பா! டிரைவருக்கு நல்லா கேட்டுச்சா?"

மேல்வாய் பொருந்திவிட்டதா என்று மற்ற டாக்டர்கள் வாய்க்குள் விளக்கடித்துப் பார்ப்பார்களாம். நாங்கள் தெருவில் இறங்கி, பஸ் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டோம்.