ஜெட்டுக்குள் விட்ட ஜக்கார்டு ஊசி

ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பித்தளைத் துளைக்குள் எஃகு ஊசியை இரண்டு முறை விட்டு எடுத்தால், துளை எவ்வளவு பெரிதாகும்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. விட்டவள் நான்.

எங்கள் வீட்டில் மாமனார் வாங்கிய பழைய பெட்ரோல் லாரி ஒன்று இருக்கிறது. சின்னது, மூக்கு நீண்டது. கைத்தறிகளுக்கான மரச் சட்டங்களைச் சுற்று ஊர்களான தென்னேரி, திருப்புட்குழி வரை ஏற்றிப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் ஓட்ட, எங்கள் மூன்று வயது மகள் நடுவில் உட்காருவாள். ஹாரனை அவள்தான் அடிக்க வேண்டும். வேறு யாராவது அடித்தால் அழுகை.

சென்ற மாதம் வண்டி இழுக்காமல் திணறியது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கணவர் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். உள்ளே என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். ஒரு மிதவை, அது ஏறி இறங்கும்போது பெட்ரோல் வரும் வழியை மூடித் திறக்கும் ஒரு முள், பெட்ரோலை அளந்து விடும் ‘ஜெட்’ என்ற குட்டித் திருகு. ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், துளை அடைத்திருந்தது. புடவைக் கரையில் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியிலிருந்து கழற்றிப் போட்ட ஊசி ஒன்று கையெட்டும் தூரத்தில் கிடந்தது. எங்கள் வீட்டில் எது அடைத்தாலும் அதுதான் குத்தும். விட்டேன். வெளிச்சம் தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு லாரி கரும்புகை கக்கியது. உள்ளே பெட்ரோல் நெடி. மகள் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். வண்டியைச் சரிசெய்யும்வரை அவளை ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

மெக்கானிக் கடையில் ஊசி விஷயத்தைச் சொன்னதும் கணவர் என்னைப் பார்த்தார். “பிசிக்ஸ் படிச்சவ பண்ற வேலையா இது?”

மெக்கானிக் சிரித்தார். “வுடுங்கண்ணா. தறிக்காரங்க வூட்டு வண்டி எல்லாம் இப்படித்தான் வருது. போன வாரம் ஒருத்தரு ஜரிகைய முறுக்கி ஸ்கூட்டர் ஜெட்டுல வுட்டுக்கினு வந்தாரு. அது உள்ளயே ஒடஞ்சிக்கிச்சி.”

புடவையில் இழை எண்ணும் கண்ணாடியைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அதன் வழியே பார்த்தபோது துளையின் ஒரு பக்கம் லேசாக நீண்டிருந்தது. என் ஊசியாலா, இத்தனை வருட ஓட்டத்தாலா?

“ஜெட்டு பெரிய விஷயம் இல்லமா,” என்றார் மெக்கானிக். “ரிப்பேர் கிட்டு வாங்கினா ஜெட்டு, முள்ளு, பேக்கிங் எல்லாம் புதுசா போட்டுடலாம். நெடி நின்னுடும். ஆனா காத்து வழிய தொறந்து மூடற இந்த ராடு ஆடுது பாருங்க, அது கிட்டுல வராது. அந்த சந்துல காத்து பூந்துக்கினே இருக்கும். லேத்துல குடுத்து தொளைய பெருசாக்கி, உள்ள ஒரு பித்தளை வளையம், புஷ்ஷுனு சொல்லுவோம், அத அடிக்கணும்.”

“கார்புரேட்டரே புதுசு போட்டா?” என்று கேட்டேன்.

“இந்த வண்டிக்குனு புதுசு கெடைக்காதுமா. வேற வண்டியோடத ஒரு பிளேட்டு வெச்சி மாட்டணும். ஸ்டார்ட்டிங் சூப்பரா இருக்கும். லோடு ஏத்துனா எப்படி இழுக்கும்னு ஓட்டிப் பாத்தாதான் தெரியும்.”

“பழசையே செய்யுங்க,” என்றார் கணவர். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் வந்தது. லேத்தில் துளை போடும்போது அந்தப் பழைய கார்புரேட்டரின் உடம்பு விரிசல் விட்டால்? புதியதை மாட்டி, மரம் ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட்டில் வண்டி நின்றுவிட்டால்? வேறு வண்டியின் பாகம் சரியாகப் பொருந்தாமல் பெட்ரோல் கசிந்தால்? மெக்கானிக்குக்கு இரண்டு முறை போன் செய்து, “கொஞ்சம் பொறுங்க” என்றேன். இரண்டாவது முறை அவர், “சனிக்கிழம வரைக்கும் பொறுக்கறேன்மா, அதுக்கு மேல டேபிள் வேணும்” என்றார்.

பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். நீங்கள் புஷ் அடித்துப் பழையதையே ஓட்டினீர்களா, வேறு மாட்டினீர்களா? எதைச் செய்த பிறகு உங்கள் குழந்தையைப் பயமில்லாமல் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள்?